யூத கிறிஸ்தவ உடன்படிக்கை விசாரம்

பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்னும் பெயர்கள் தமிழ் வழங்கும் இடமெங்கும் கற்றாரும் கல்லாரும் அறிந்தவை. கிறிஸ்தவருடைய திருநூல் இவ்விரு பகுதியாக நிற்பது. ஆயின் அந்நூலின் தமிழ்ப் பெயர்ப்புள் ஊன்றிப் புகுவார்க்கு ஒரு வியப்பு நேரும். நூலின் புறத்தே 'ஏற்பாடு' என்று நின்ற சொல் அகத்தே பெரும்பான்மையும் 'உடன்படிக்கை' என நிற்கின்றது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்தில், பழைய பெயர்ப்பின்படி, அது 'மரணசாசனம்' என நிற்கின்றது. இம்மூன்றும் பொருளான் வேறுபட்டவை. உடன்படிக்கைக்கு இருவர் வேண்டும். ஏற்பாட்டிற்கு ஒருவர் போதும். மரணசாசனம் பலித்தற்கோ அவ்வொருவரும் இறந்துபடுதல் வேண்டும். கிரேக்க மூலத்தில் மூன்றிடத்தும் உள்ளது ஒரே சொல். ஒரு சொல் மூன்றானது பெயர்த்தோர் பிழையன்று. அச்சொல்லே எபிரேயத்தினின்று கிரேக்கத்திற்குச் சென்ற வழியில் பொருள் திரிந்தது. அத்திரிபின் வழியே இரண்டு சமயங்களும் தம்முள் ஒன்றையொன்று நோக்கும் நோக்கும் திரிந்தது. அஃது ஈண்டு ஆராயப்படும்.

எபிரேயத்தில் இதற்குரிய சொல் 'பெரீத்' என்பது. அதனோடு இயைந்து வரும் வினை 'செய்தல்' அன்று, 'வெட்டுதல்' ஆகும். உடன்படிக்கையை வெட்டினான் என்பதே அம்மொழி வழக்கு. இதன் காரணம் ஆதியாகமத்தின் 15-ஆம் அதிகாரத்தில் விளங்கும். ஆபிரகாம் (அந்நாளில் ஆபிராம்) கடவுளின் ஏவல்வழி ஒரு கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் இருபிளவாக வெட்டி எதிரெதிரே வைத்தார். பொழுது சாய்ந்து இருள் சூழ்ந்தபின், புகையும் சூளையொன்றும் எரியும் தீவட்டியொன்றும் அப்பிளவுகளின் நடுவே கடந்து சென்றன. பிளந்த உடலின் நடுவே நடத்தல் பொருத்தம் செய்வோர் இயற்றும் சடங்கு. சொல் தவறினோர்க்கு அவ்விலங்கின் கதியே ஆகுக என்பது அதன் குறிப்பு. எரேமியாவின் 34-ஆம் அதிகாரத்தாலும் இது வலியுறும். ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நடுவே கடந்தது கடவுளைக் குறித்த தீ மட்டுமே. ஆபிரகாம் கடந்திலர், அயர்ந்த உறக்கம் அவர்மேல் விழுந்திருந்தது. ஆதலின் அங்கே கட்டுண்டவர் ஒருவரே, அவரும் கடவுளே என்றாகின்றது.

சீனாய் மலையடியில் நிகழ்ந்ததோ வேறு. யாத்திராகமத்தின் 24-ஆம் அதிகாரத்தில் மோசே கட்டளைகளை வாசிக்க, மக்கள் அனைவரும் அவற்றைச் செய்வோமென்று இசைகின்றனர். பலியின் இரத்தத்திற் பாதி பீடத்தின்மேலும் பாதி மக்கள்மேலும் தெளிக்கப்படுகின்றது. இருதிறத்தாரும் கட்டுண்டனர். இவ்வுடன்படிக்கையின் ஆசிகளும் சாபங்களும் உபாகமத்தின் 28-ஆம் அதிகாரத்தில் விரிந்து கிடக்கின்றன. அசீரிய வேந்தன் எசர்ஹதோன் கி.மு. 672-இல் தன் மகன் அசூர்பனிபாலின் பட்டத்துரிமையை ஏற்குமாறு தனக்குக் கீழ்ப்பட்டோரை ஆணையிடுவித்த சாசனங்கள் 1955-இல் நிம்ரூத் என்னுமிடத்து அகழ்ந்தெடுக்கப்பட்டன. வானம் வெண்கலமாதலும் நிலம் இரும்பாதலும் போன்ற சாபங்கள் அவற்றிலும் உள, உபாகமத்திலும் உள. பேரரசன் சிற்றரசரைக் கட்டும் சாசன வடிவையே இஸ்ரவேலர் தம் கடவுட்குரியதாக ஏற்றனர் என்பது இதனால் ஊகிக்கப்படும். அந்நாட்டு மக்கட்கு இதன் கருத்து, வேறெந்த அரசனும் தமக்குத் தலைவனல்லன் என்பதே.

பதிக்கும் பசுவிற்கும் உள்ள தொடர்பு அநாதி என்று கற்றோர்க்கு, கடவுளோடு உள்ள தொடர்பிற்கு ஒரு நாளும் ஓரிடமும் ஒரு சாட்சியும் வேண்டுமோ என்னும் ஐயம் இவ்விடத்து எழும். ஆயின் தம் அளவைகொண்டு பிறர் நூலை அளத்தல் ஆராய்ச்சி நெறியன்று. அந்நூலார்க்குத் தொடர்பென்பது வரலாற்றில் நிகழ்ந்தது. நிகழ்ந்ததாகலின் முறியவும் கூடுவது. முறியின் என்னாகும் என்பதே அவர்தம் நூல் முழுதும் ஓடும் வினா.

இனி, கிரேக்கத்திற்கு வருதல் வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் யூத அறிஞர் தம் நூலைக் கிரேக்கத்திற் பெயர்த்தனர். 'எழுபதின்மர் பெயர்ப்பு' என்று அது வழங்கும். 'பெரீத்' என்பதற்கு ஈடாக அவர்முன் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று 'சுந்தேகே', அதன் முன்னொட்டு 'உடன்' என்னும் பொருட்டு. மற்றொன்று 'தியாதேகே', ஒருவர் தம் உடைமையை இன்னவாறு ஆகுகவென வகுத்து வைத்தல் அதன் பொருள். எழுபதின்மர் முதற்சொல்லைத் தவிர்த்து இரண்டாவதை ஆண்டனர். கடவுளும் மனிதரும் சரிநிகராக அமர்ந்து பேரம் பேசினர் என்னும் கருத்து உண்டாகாதிருத்தற்பொருட்டு அங்ஙனம் செய்தனர் என்று அறிஞர் கருதுவர். தமிழிற் பெயர்த்தோர் 'உடன்படிக்கை' என 'உடன்' என்பதை வைத்தே பெயர்த்தமையால், எழுபதின்மர் விலக்கிய வழியே தமிழுக்கு வழியாயிற்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் யூதர்பொருட்டுப் புதிதாகப் பெயர்த்த அகிலா என்பாரும் 'சுந்தேகே' என்பதையே விரும்பி ஆண்டனர். கிறிஸ்தவர் கையில் பழைய பெயர்ப்பு என்னவாயிற்று என்பதை அவர் கண்டிருந்தார்.

கிரேக்க மக்களின் அன்றாட வழக்கில் 'தியாதேகே' என்பது மரணசாசனத்தையே குறிக்கும். பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் இப்பொருளைத் தழுவியே வாதிக்கின்றார். உறுதிசெய்யப்பட்ட சாசனத்தைப் பின்வந்த ஒன்று தள்ளிவிடாது. ஆகவே ஆபிரகாமுக்குத் தந்த வாக்கை 430 ஆண்டுக்குப் பின் வந்த நியாயப்பிரமாணம் அழிக்கமாட்டாது என்பது அவர் கூற்று. எபிரெயர் நிருபகாரர் ஒருபடி மேற்சென்று, சாசனம் எழுதினவர் இறந்தாலன்றி அது பலியாது என்று கொண்டு, கிறிஸ்துவின் மரணத்தை அதனால் விளக்குகின்றார். கிரேக்கத்தில் இது மிக அழகிய வாதம். எபிரேயத்தில் இவ்வாதமே எழாது. 'பெரீத்' என்பதற்கு மரணசாசனம் என்னும் பொருள் யாண்டும் இல்லை. தமிழிலும் இதன் அழகு புலப்படாது; ஒரே சொல் இருபொருள்பட நிற்கும் சிலேடை, 'உடன்படிக்கை' எனவும் 'மரணசாசனம்' எனவும் பிரிந்தவழிக் கெட்டொழிந்தது. இலத்தீனில் இச்சொல் 'தெஸ்தாமெந்தும்' ஆகி, ஐரோப்பிய மொழிகளில் நூலின் பெயராகவே நிலைபெற்றது.

இவையெல்லாம் முகவுரை போல்வன. வழக்கின் உயிர்நிலை எரேமியாவின் 31-ஆம் அதிகாரத்தில் 31 முதல் 34 வரையுள்ள வாக்கியங்களில் உள்ளது. எருசலேம் பாபிலோனியர் கையில் அழியும் நாளில் வாழ்ந்தவர் எரேமியா. இஸ்ரவேல் வீட்டாரோடும் யூதா வீட்டாரோடும் கடவுள் ஒரு புதிய உடன்படிக்கையை வெட்டும் நாள் வருமென்றும், அஃது எகிப்தினின்று மீட்ட நாளில் செய்தது போன்றதன்றென்றும், கட்டளை இனிக் கல்லிலன்றி நெஞ்சிலே எழுதப்படுமென்றும், ஒருவர்க்கொருவர் போதிக்க வேண்டாது சிறியோரும் பெரியோரும் கடவுளை அறிவரென்றும், குற்றம் மன்னிக்கப்படுமென்றும் அவ்வாக்கியங்கள் கூறும். புதிய உடன்படிக்கை என்னும் தொடர் எபிரேய நூலில் இவ்வோரிடத்தன்றிப் பிறிதோரிடத்தும் இல்லை. எபிரெயர் நிருபம் தன் 8-ஆம் அதிகாரத்தில் இப்பகுதியை முழுவதும் எடுத்தாள்கின்றது. புதிய ஏற்பாட்டில் பழைய நூலினின்று எடுத்த மேற்கோள்களுள் இதுவே மிக நீண்டது. எடுத்தாண்டபின், புதியதென்று சொன்னமையால் முந்தினது பழையதாயிற்று, பழையதானது அழிதற்கு அணித்து என்று நிருபகாரர் முடிவு கூறுகின்றார்.

இவ்விடத்து ஒரு பாடபேதம் உளது. மக்கள் உடன்படிக்கையை முறித்தனர் என்று சொன்னபின் கடவுள் தம்மைக் குறித்துச் சொல்லும் சொல் எபிரேயத்தில் 'பாஅல்தி' என்பது. 'பாஅல்' என்னும் பகுதிக்குத் தலைவன், கணவன் என்னும் இருபொருளும் உண்டு. தாம் அவர்க்குக் கணவராய் இருந்தும் அவர் முறித்தனர் என்பது கருத்து. எழுபதின்மர் பெயர்ப்பிலோ, தாம் அவர்களைப் பொருட்படுத்தாது விட்டதாகக் கடவுள் கூறும் பொருள்பட 'எமெலேசா' என்னும் சொல் நிற்கின்றது. நிருபகாரர் எடுத்தாண்டது இப்பாடமே. இஃது எங்ஙனம் நேர்ந்தது? எபிரேயத்தில் 'பாஅல்தி' என்பதன் முதலெழுத்து 'பேத்'. அதனை 'கிமெல்' என்று கொண்டு 'காஅல்தி' என்று வாசித்தால் அருவருத்தேன், தள்ளினேன் என்னும் பொருள் தரும். பெயர்த்தவர் முன்னிருந்த ஏட்டில் அவ்வாறு இருந்திருக்கலாம் என்பது அறிஞர் பலர் கூறும் ஊகம். ஊகமேயாயினும், ஏடு பெயர்த்தெழுதும் தொழிலை அறிந்தார்க்கு ஓரெழுத்து மாறுவது புதிதன்று.

தமிழ்ப் பெயர்ப்பு இவ்விடத்து ஓர் அரிய பேறு பெற்றுள்ளது. பழைய பெயர்ப்பினர் எரேமியாவில் 'நாயகர்' என்னும் சொல்லை இட்டனர். நாயகன் என்பது தமிழில் தலைவனையும் கணவனையும் ஒருங்கே குறிப்பதாகலின், எபிரேயச் சொல்லின் இருபொருளும் குறைவின்றி அமைந்தன. இத்தகைய ஒருசொல் ஐரோப்பிய மொழிகளிற் பலவற்றிற்கு வாய்த்திலது. அதே பெயர்ப்பில் எபிரெயர் நிருபத்தைப் புரட்டிப் பார்த்தால், அதே வாக்கியம் புறக்கணித்தல் என்னும் பொருளோடு நிற்கக் காணலாம். எரேமியாவை எபிரேயத்தினின்று நேரே இலத்தீனிற் பெயர்த்த ஜெரோம் என்பாரது விவிலியத்திலும் இதுவே நிலை: எரேமியாவில் கடவுள் அவரை ஆண்டனர், நிருபத்தில் அவரைப் புறக்கணித்தனர். ஒரே நூலின் இரண்டு பக்கங்கள் ஒரே வாக்கியத்தை இரண்டாக ஓதுகின்றன. இதனைக் கண்டும் காணாதார் போல் உரையெழுதினோர் பலர்.

ஒரு சொல்லின் பாடபேதத்தால் ஒரு சமயத்தின் கொள்கை வீழுமோ எனின், வீழாது. கிறிஸ்தவரின் கொள்கை இயேசுவின் வாழ்வையும் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் பற்றுக்கோடாக உடையது. 'பாஅல்தி' என்னும் சொல்லை அன்று. நிருபகாரரைப் பழித்தலும் நேரிதன்று. தம் கையிலிருந்த கிரேக்க நூலை உள்ளபடியே ஓதினர். பழிக்கத்தக்கது பிறிதொன்று. புதிய உடன்படிக்கை வந்தது என்பது ஒரு கூற்று. முன்னுடன்படிக்கைக்கு உரியோர் தள்ளுண்டனர் என்பது வேறொரு கூற்று. முதலாவதிலிருந்து இரண்டாவது தானே பிறவாது. பிறந்ததுபோல் தோன்றச் செய்தது அப்பாடபேதம். அன்றியும், நிருபத்தின் மேற்கோள் 34-ஆம் வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றது. எரேமியாவோ அங்கு நின்றிலர். அடுத்த மூன்று வாக்கியங்களில், பகலுக்குச் சூரியனையும் இரவுக்குச் சந்திரனையும் விண்மீன்களையும் வகுத்த ஒழுங்கு ஒழிந்தாலன்றி இஸ்ரவேலின் சந்ததி ஒழியாது என்று உறுதி கூறுகின்றார். முன்பின் இயைபு நோக்காது மேற்கோளை அறுத்தல் எந்நூலார்க்கும் குற்றமே. நெஞ்சில் எழுதப்படும் என்று கூறிய கட்டளைக்கும் எரேமியா இட்ட சொல் 'தோரா' என்பதே. எழுதும் இடம் மாறிற்று என்றாரேயன்றி எழுதப்படுவது மாறிற்று என்றிலர்.

புதிய உடன்படிக்கை என்னும் தொடர் யூதரிடையே எவ்வாறு வழங்கிற்று என்பதற்கு நேரான சான்று ஒன்று கிடைத்துளது. கெய்ரோ நகரத்துப் பழைய தொழுகைக் கூடத்து ஏடுகளினின்று சாலமன் செக்டர் என்னும் அறிஞர் 1910-இல் ஒரு நூலை வெளியிட்டார். 1947 முதல் சாக்கடலையடுத்த கும்ரான் குகைகளில் கண்டெடுக்கப்பட்ட சுருள்களிலும் அதன் பகுதிகள் இருந்தன. 'தமஸ்கு ஏடு' என அது வழங்கும். தமஸ்கு நாட்டில் புதிய உடன்படிக்கையுட் புகுந்தோர் என்று அவ்வேட்டினர் தம்மைக் கூறிக்கொள்கின்றனர். அவரோ ஓய்வுநாள் முதலிய கட்டளைகளைப் பிற யூதரினும் கடுமையாகக் கைக்கொண்டவர். புதியது என்பதற்குப் பழையதை விடுதல் என்பதே பொருளாயின் அவர்க்கு அத்தொடர் பொருந்தாது. இயேசு இறுதி விருந்தில் பாத்திரத்தை எடுத்துச் சொன்ன சொல்லை லூக்காவும் பவுலும் புதிய உடன்படிக்கையோடு இயைத்துக் கூறுவர். மாற்கில், மிகத் தொன்மையான கையெழுத்துப் பிரதிகளில் 'புதிய' என்னும் அடையில்லை; உடன்படிக்கையின் இரத்தம் என்ற அளவிலேயே அது நிற்கின்றது. அஃது யாத்திராகமத்தின் சீனாய் வாசகத்தையே நினைவூட்டுவதாகும்.

பின்வந்த கிறிஸ்தவ ஆசிரியரோ பெரும்பாலும் வேறுவழிச் சென்றனர். பர்னபாவின் பெயரால் வழங்கும் பழைய நிருபமொன்று, மோசே பலகைகளை உடைத்த அன்றே யூதர் உடன்படிக்கையை இழந்தனர் என்று வாதிக்கும். உடைந்த பலகைகட்குப் பின் வேறு பலகைகள் எழுதித் தரப்பட்டன என்பதை அது கருதுவதாகத் தெரியவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் யஸ்டின் என்பார் திரிபோ என்னும் யூதரோடு நிகழ்த்தியதாக எழுதிய வாதநூலில் கிறிஸ்தவரே மெய்யான இஸ்ரவேல் என்று நாட்டுகின்றார். ஏறக்குறைய அக்காலத்தே, 144-இல், உரோமாபுரிச் சபையினின்று பிரிந்த மார்சியோன் என்பார் யூதர் நூல் முழுவதையும் தள்ளினர். சபை மார்சியோனை மறுத்து அந்நூலைத் தனதென்று வைத்துக்கொண்டது. நூலைத் தனதென்று கொண்டபின் நூலுக்கு முன்னுரியோரை என்செய்வது? அவர் கண்ணிருந்தும் காணாதார் என்பது விடையாயிற்று. ஸ்திராஸ்பூர் நகரத்துப் பேராலயத்தில் 13-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய சிலையொன்றுண்டு. கண்கட்டிய பெண்ணொருத்தி, முறிந்த ஈட்டியொன்று ஒரு கையில், நழுவும் பலகைகள் மற்றொரு கையில். யூத சமயத்தைக் குறித்த வடிவம் அது. அந்நூற்றாண்டிலேதான், 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், யூதர் உடையால் வேறுபடுத்திக் காட்டப்பட வேண்டுமென விதித்தது. பாடபேதம் ஏட்டோடு நின்றிலது.

இத்துணைக்கும் மறுப்பு அவர்தம் நூலிலேயே கிடந்தது. பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தில் 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்கள் இவ்வொரு பொருளையே ஆராய்வன. புறஇனத்தார் காட்டு ஒலிவக் கிளை; நாட்டு ஒலிவத்தில் ஒட்டப்பட்டனர்; கிளை வேரைத் தாங்குவதில்லை, வேரே கிளையைத் தாங்குவது; ஆதலின் முறிந்த கிளைகளை நோக்கிப் பெருமை பாராட்டற்க என்பது பவுலின் அறிவுரை. கடவுள் தந்த வரங்களும் அழைப்பும் மீட்டுக்கொள்ளப்படுவன அல்ல என்றும் அங்கே முடிக்கின்றார். ஐரோப்பாவில் யூதர் இலக்கக்கணக்கிற் கொலையுண்ட பின்னரே இவ்வதிகாரங்கள் தம் எடையோடு ஓதப்பட்டன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட அறிக்கை இவற்றைப் பற்றியே யூதர் தள்ளுண்டவர் என்னும் கூற்றை விலக்கிற்று. 1980-இல் செர்மனி நாட்டு மைன்ஸ் நகரில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், கடவுளால் ஒருபோதும் நீக்கப்படாத பழைய உடன்படிக்கை என்று பேசினர். 2015-இல் வத்திக்கானின் ஆணைக்குழு ஒன்று, அவ்வழைப்பு மீளாதது என்பதையே தலைப்பாகக் கொண்டு ஓர் ஏடு வெளியிட்டது. அவ்வேடு ஒருபால், இரட்சிப்பு கிறிஸ்துவினாலன்றி இல்லை என்கின்றது. மற்றொருபால், யூதரை மதம் மாற்றுதற்கெனத் தனி அமைப்பு எதனையும் சபை நடத்துவதில்லை என்கின்றது. இரண்டும் எங்ஙனம் இயையும் எனின் அது கடவுளின் மறைபொருள் என்று விடுகின்றது. தருக்க நூலார்க்கு இது நிறைவு தராது. ஆயினும் பொய்யான இயைபு ஒன்றைக் கட்டிக் காட்டுவதினும் இது நேர்மையுடைத்து.

இனி யூதர் பக்கம். உடன்படிக்கையை ஒப்பந்தமாகவே கொண்டு அதன் நுட்பங்களை ஆராய்ந்ததில் அவர்தம் தால்மூத் ஆசிரியர்க்கு இணையில்லை. சப்பாத்து என்னும் பிரிவில் ஒரு வியத்தகு விவாதம் உளது. சீனாயில் கடவுள் மலையைப் பெயர்த்துத் தொட்டிபோல் மக்கள் தலைமேல் கவிழ்த்து, ஏற்பீராயின் நன்று, ஏலீராயின் இதுவே உமக்குப் புதைகுழி என்றனராம். உடனே மற்றோராசிரியர், அங்ஙனமாயின் வலிந்து பெற்ற இசைவு செல்லாது என்னும் வலிய தடை எழுமே என்கின்றார். கடவுளோடு செய்த ஒப்பந்தத்திற்கே நீதிமன்றத் தடை! ரவா என்னும் ஆசிரியர் விடை கூறுகின்றார்: அகாஸ்வேரு அரசன் நாளில், எஸ்தர் கதையின் இறுதியில், எவரும் வற்புறுத்தாதிருக்க யூதர் தாமாகவே அதனை மீண்டும் ஏற்றனர் என்று. தடையை அடக்காமல், அது வலிதென ஒப்பியே விடை தேடிய இவ்வொழுங்கு போற்றத்தக்கது. மலையடியில் அன்று நில்லாதோர் எங்ஙனம் கட்டுண்டனர் என்னும் வினாவிற்கு, வருங்காலத் தலைமுறையும் பின்னர் வந்து சேர்வோரும் அவ்வுடன்படிக்கையுள் அடங்குவர் என விடை கூறினர்.

இச்சமயம் குலத்தார்க்கு மட்டும் உரியது என்று புறத்தார் பலர் கருதுவர். அது முழுதும் உண்மையன்று. சேர விரும்பி வருவோனை, இஸ்ரவேலர் இந்நாளில் ஒடுக்குண்டு துன்புறுவதை அறிவாயோ என்று முதலிற் கேட்டல் வேண்டும். அறிவேன், நான் அதற்குத் தகுதியற்றவன் என்பானாயின் உடனே ஏற்றல் வேண்டும் என்று தால்மூத் விதிக்கும். விருத்தசேதனமும் நீராட்டும் கட்டளைகளை ஏற்றலும் அதன் உறுப்புக்கள். அங்ஙனம் சேர்ந்த ஒபதியா என்பவர், எம் முன்னோரின் கடவுளே என்று வழுத்துதல் தமக்குத் தகுமோ என்று வினவினர்; தகும், ஆபிரகாம் உமக்கும் தந்தையே என்று மைமோனிதேஸ் (1138–1204) விடை எழுதினர். உள்ளே வருதற்கு வாயில் உண்டு. வெளியே செல்லுதற்கு உண்டோ என்பதே இடர்ப்பாடு. பாவம் செய்தவனாயினும் இஸ்ரவேலன் இஸ்ரவேலனே என்பது தால்மூத்தின் துணிவு. ராஷி (1040–1105) என்னும் உரையாசிரியர் அதனை மதம் மாறினோர்க்கும் விரித்து, அவர் யூதராதல் ஒழியாது என்று கொண்டனர். 1492-இல் ஸ்பெயினினின்று துரத்துண்டோருள் ஒருவராகிய ஈசாக்கு அபர்பனேல், முன்னோர் செய்த உடன்பாடு பின்னோரை எங்ஙனம் கட்டும் என்னும் வினா அரகோன் நாட்டு அறிஞரிடை முன்பே எழுந்ததாகக் குறித்து, உபாகம உரையில் அதனை நெடிது ஆராய்கின்றார். தந்தை பட்ட கடனை அவன் சொத்தோடு மகன் ஏற்பது போல்வது அது என்பது அவர் கூறும் விடைகளுள் ஒன்று. சொத்தை வேண்டாதவன் கடனையும் விடலாமன்றோ என்பார்க்கு அவ்வுவமை முற்றும் விடையாகாது. ஆனால் அவ்வுரை எழுந்த காலத்தை மறத்தலாகாது. வலிந்து திருமுழுக்குப் பெற்றோரின் மக்கள் ஆயிரக்கணக்கில் அந்நாட்டில் இருந்தனர். நீர் இன்னும் எம்மவரே என்று அவர்க்குச் சொல்லுதற்கு அக்கொள்கையினும் மேம்பட்ட சொல் இருந்திலது.

அதே கொள்கை பிற்காலத்தில் ஒரு நீதிமன்றத்தின் முன் நின்றது. ஓசுவால்டு ரூபைசன் என்பார் 1922-இல் போலந்து நாட்டு யூதக்குடியிற் பிறந்தவர். போர்க்காலத்தில் மீர் என்னும் ஊரில் தம் குலத்தை மறைத்துக் காவற்படையின் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்து, 1942-இல் அவ்வூர் யூதரை அழிக்கக் குறித்த நாளை முன்னரே அறிவித்து, ஏறக்குறைய 300 பேர் காட்டிற்குத் தப்பிச் செல்ல வழிசெய்தவர். பின்னர்க் கன்னியர் மடமொன்றில் ஒளிந்திருந்த நாளில் கத்தோலிக்கராகி, கார்மேல் சபைத் துறவியாய், தானியேல் என்னும் பெயர் பூண்டனர். 1959-இல் இஸ்ரவேல் நாடு சென்று, யூதர் எவர்க்கும் குடியுரிமை தரும் 1950-ஆம் ஆண்டின் மீள்வரவுச் சட்டத்தின்படி உரிமை வேண்டினர். தம் சமயம் கத்தோலிக்கம், தம் குலம் யூதம் என்பது அவர் வழக்கு. தால்மூத்தின் துணிவு அவர்க்குத் துணை. 1962-இல் நீதிபதிகள் ஐவருள் நால்வர் அவர் வேண்டுகோளை மறுத்தனர். அவர் கூறிய காரணமே வியப்பிற்குரியது: சமய நெறிப்படி அவர் யூதரே ஆகலாம், சட்டத்திலுள்ள யூதர் என்னும் சொல்லோ உலகவழக்குப் பொருளது, வேறு சமயம் புகுந்தானை உலகத்தார் யூதன் என்று வழங்குவதில்லை என்றனர். சமயநெறி அவரை உள்ளே வைத்தது. சமயஞ்சாராச் சட்டம் வெளியே வைத்தது. வேறு வகையால் அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, 1998-இல் இறக்குமளவும் அங்கேயே வாழ்ந்தார். 1970-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, யூதத் தாய்க்குப் பிறந்தவரோ யூத சமயம் சேர்ந்தவரோ ஆகி, வேறு சமயத்தைச் சாராதவர் யூதர் என இலக்கணம் வகுக்கப்பட்டது. அவ்விலக்கணத்தின் ஈற்றுறுப்பு ராஷியின் உரையில் இல்லை.